சுவர் காயும் காலம்

சிமெண்ட் பூசிய வெளிச்சுவரில் ஈரத்திட்டு மூன்று விதமாகத் தெரியவரும். ஓரிடம் சுற்றியுள்ள நிறத்தைவிடக் கறுத்துக் காணும். அல்லது பெயிண்ட் கொப்புளித்து உரியும். அல்லது வெள்ளைப் பொடி பூத்து, கை பட்டால் மாவாக உதிரும். பல வீடுகளில் மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இது நிறத்தில் நேர்ந்த கெடுதல். அதனால் பெயிண்டரைக் கூப்பிடுகிறார்கள். அவர் சுரண்டி, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் ஓட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த ஐப்பசியில் அதே இடம் அதே வடிவில் மறுபடி தெரிகிறது, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் இந்தக் கேடு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் வீடு வெள்ளையடிக்கும் நாளில் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நெடுநாள் வழக்கம். தீபாவளிக்கு அடிப்பவர்களும் உண்டு. தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டியும் பொங்கல் அதன் முடிவை ஒட்டியும் வருகின்றன. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. தை பிறக்கும்போது வெளிச்சுவர் அந்த மழையில் குடித்த தண்ணீரை இன்னும் உள்ளே வைத்திருக்கும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் இதில் பிழை இல்லை. காய்ந்த சுவராக இருந்தால் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறுக ஈரம் வேண்டும். இறுகிய பிறகும் அதனூடே நீராவி தடையின்றிப் போகும். பின்னால் வந்த சிமெண்ட் பெயிண்டும் ஈரச் சுவரைக் கேட்கும் பொருள்தான். எமல்ஷன் வேறு வகை. அது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டாகும் படலம். அடியில் காய்ந்த, உறுதியான தளம் இருந்தால்தான் பிடிக்கும். பொருள் மாறியபோது அடிக்கும் மாதமும் மாறியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஈரச் சுவரில் பெயிண்ட் நிற்கவில்லை என்று பெயிண்டரைக் குறை சொல்வது பல வீடுகளில் அநியாயம். சுவர் காய அவருக்கு யாரும் நாள் கொடுப்பதில்லை.

ஒரு சுவர் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று கணக்குப் பார்த்தால் நாள் ஏன் வேண்டும் என்பது விளங்கும். ஒன்பதங்குலச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு நூற்றுக்கு மேல் செங்கற்கள் இருக்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1077, சாதாரணக் கட்டுமானச் செங்கல் 24 மணி நேரம் ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்கிறது. மூன்று கிலோ கல்லுக்கு அது 600 கிராம். முழுக்க ஊறிய சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கலாம். எந்த மழையும் சுவரை அவ்வளவுக்கு ஊறவைப்பதில்லை. ஆனாலும் கால் பங்கு ஊறினாலே ஒரு குடம் தண்ணீர் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் பூச்சு 12 முதல் 20 மி.மீ. தடிமன் மட்டுமே. பூச்சின் வேலை மழையைத் தடுப்பது என்று நினைப்பது பாதி சரி. அது மழை நீரைக் கொஞ்சம் உறிஞ்சி, பெரும்பகுதியை வழியவிட்டு, உறிஞ்சியதை வெயிலில் திருப்பித் தர வேண்டும். வாங்குவதைவிட வேகமாகத் திருப்பித் தரும் பூச்சு நல்ல பூச்சு.

சுவர் காய்வது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் உள்ளிருக்கும் நீர் நுண்துளைகள் வழியே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மேற்பரப்புக்கு வந்து அங்கே ஆவியாகிறது. இது வேகமான கட்டம். பிறகு நீரின் தொடர்ச்சி அறுந்துவிடும்; உள்ளேயே ஆவியாகி, ஆவியாகவே துளைகளைக் கடந்து வெளியேற வேண்டும். இது மிக மெதுவான கட்டம். மேற்பரப்பில் பிளாஸ்டிக் படலம் ஒன்றைப் போர்த்திவிட்டால் முதல் கட்டமே நடக்காது. நீர் படலத்தின் பின்னால் வந்து நிற்கும். வெயில் ஏறி சுவர் சூடாகும்போது அந்த நீர் ஆவியாகிப் படலத்தை உட்புறமிருந்து தள்ளும். கொப்புளம் அப்படித்தான் எழுகிறது.

ஆகவே பிரஷைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது, திட்டு எங்கே, எப்போது தெரிகிறது என்று பார்ப்பது. இதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தாலும் அது வீணல்ல. திட்டின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைப்பது மிக எளிய, மிக நம்பகமான முறை.

தரையிலிருந்து மேலே ஏறி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நீளவாக்கில் நிற்கும் ஈரம் அடித்தளத்திலிருந்து வருவது. செங்கல் சுவரில் இது பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பது கீழே நீர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சுவரின் முகத்திலிருந்து எவ்வளவு ஆவியாகிறது என்பதையும் பொறுத்தது. இதனால்தான் கீழ்ப்பகுதிக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியோ நீர்புகா பெயிண்ட் அடித்தோ மறைத்த வீடுகளில் ஓதம் அந்த மறைப்பின் மேல் விளிம்புக்கு வெளியே தலைகாட்டுகிறது. ஆவியாகும் இடத்தை அடைத்ததால் நீர் இன்னும் மேலே போய் வழி தேடிக்கொள்கிறது. ஓதம் ஏறாமலிருக்க அடித்தளத்தின் மேல் டி.பி.சி. என்ற தடுப்பு அடுக்கு வைப்பார்கள். வெளித் தரை மட்டத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. மேலே அது இருக்க வேண்டும். தமிழக ஊர்களில் இந்த இடைவெளியைத் தெரு தின்றுவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் சாலை போட்டதால், ஒரு காலத்தில் நாலு படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே இருக்கின்றன. தடுப்பு அடுக்கு மண்ணுக்குள் புதைந்தபின் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். வீட்டுக்காரர் தனியாக எளிதில் சரிசெய்ய முடியாத கேடு இது. வீதியின் மட்டத்தை உயர்த்துகிறவர்கள் அந்த வீதியிலுள்ள ஒவ்வொரு சுவரையும் சேர்த்தே நனைக்கிறார்கள்.

தரைக்கு மேல் ஓரடி, ஒன்றரை அடிக்குள் அழுக்குப் புள்ளிகளோடு காணும் ஈரத்துக்கு வேறு காரணம் இருக்கும். கூரைத் தண்ணீர் சிமெண்ட் தரையில் விழுந்து தெறிப்பதால் வருவது அது. குழாயை நீட்டிவிட்டாலோ, சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குச் சரளைக்கல் போட்டாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுவரின் நடுவில், ஜன்னல் மூலைகளிலிருந்து சரிவாகக் கீழே இறங்கும் திட்டுகள் சன்ஷேடையும் ஜன்னல் சட்டத்தையும் சுட்டுகின்றன. சன்ஷேடு வெளிப்புறம் சரியாமல் சுவரை நோக்கிச் சரிந்திருந்தால், மழை நீர் சுவரும் சன்ஷேடும் சேரும் மூலையில் நின்று உள்ளே இறங்கும். சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு சிறு காடி விட்டிருந்தால் நீர் அங்கே சொட்டி விழும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவரைத் தொடும். பூசும்போது கொத்தனார் ஒரு கம்பியை வைத்து இழுத்தாலே காடி விழுந்துவிடும். அந்தச் சிறு வேலையை விட்டதன் விலையைப் பல சுவர்கள் ஆண்டுக்கணக்கில் கொடுக்கின்றன. கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் கோட்டில் நேராக ஓடும் வெடிப்பும் இதே பகுதியைச் சேர்ந்தது. இரண்டும் வெப்பத்தில் வேறு வேறு அளவில் விரிவதால் அங்கே பூச்சு விடும். அந்தக் கோட்டின் மேல் கோழிவலை வைத்துப் பூசாத கட்டடங்களில் இது கிட்டத்தட்ட நிச்சயம். மயிரிழை வெடிப்புகள் கண்ணுக்குச் சிறியவை. ஆனால் அகன்ற வெடிப்பைவிட மெல்லிய வெடிப்பு நீரை அதிக பலத்தோடு உறிஞ்சும்.

மேலிருந்து இறங்கும் ஈரம் கைப்பிடிச் சுவரின் தலையிலிருந்தோ, மாடித் தளத்திலிருந்தோ, மழைநீர்க் குழாய் நுழையும் துளையிலிருந்தோ வரும். மழையோடு தொடர்பே இல்லாமல் எப்போதும் ஈரமாக இருக்கும் திட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் குளியலறைக் குழாய் இருக்கும். ஏ.சி.யின் வடிகால் குழாய் சுவரை ஒட்டி வடிவதும் இந்த வகைதான்.

திசையையும் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் மழையை வீசி அடிக்கும் காற்று பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வருகிறது. செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் பிற்பகுதி வரை சூரியன் தெற்கே இருப்பதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழாது. மழை அதிகம் வாங்கும் சுவரே வெயில் படாத சுவராகவும் இருக்கிறது. கிழக்குச் சுவருக்குக் காலை வெயிலாவது உண்டு. பாசியும் கறுப்புப் பூஞ்சையும் வடக்கு முகத்தில் முதலில் படர்வதற்கு இதுவே காரணம். நான்கு பக்கமும் ஒரே நாளில் அடித்து முடிக்கும் ஒப்பந்தங்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

இனி உப்பு. உப்பில்லாத ஈரம் காய்ந்தால் போய்விடும். உப்புள்ள ஈரம் காயும்போதுதான் சுவரைக் கெடுக்கிறது. நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் பூக்கிறது. வெளியே பூத்தால் அழகு மட்டுமே கெடும். பெயிண்ட் தடுப்பதால் உள்ளேயே பூத்தால் பூச்சு பொரிந்து உதிரும். சோடியம் சல்பேட் இதில் மிகவும் கொடியது. 32.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஈரம் கிடைக்கும்போது அது ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகிறது. பருமன் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். தமிழக வெயிலில் சுவரின் மேற்பரப்பு அந்த வெப்பநிலையைப் பகலில் தாண்டுவதும் இரவில் அதற்குக் கீழே இறங்குவதும் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் நடக்கும் காரியம். ஒவ்வொரு முறையும் பூச்சின் துளைகளுக்குள் ஒரு நெம்புதல் நிகழ்கிறது.

சாதாரண உப்பான சோடியம் குளோரைடு வேறு விதமாக ஏமாற்றும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோர ஊர்களில் மழைக்கால இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். அதனால் எங்கும் கசிவில்லாத, ஒரு துளி மழையும் படாத சுவர்கூட விடியற்காலையில் ஈரமாகி நண்பகலில் காயும். கசிவு தேடி அத்தகைய சுவரை உடைப்பதில் பயன் இல்லை. அங்கே தண்ணீர் காற்றிலிருந்து வருகிறது. சுவரில் இருப்பது உப்பு. அந்த உப்பு கட்டும்போதே சேர்ந்திருக்கும். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் கலவை போட்டிருப்பார்கள், அல்லது கடற்கரையை ஒட்டி எடுத்த மணலைக் கழுவாமல் பயன்படுத்தியிருப்பார்கள். ஐ.எஸ். 456 கலவை நீரில் குளோரைடுக்கு வரம்பு வைத்திருக்கிறது: கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000. தூணுக்கும் தளத்துக்கும் தண்ணீரைச் சோதிக்கும் இடங்களில்கூடப் பூச்சு வேலைக்குக் கையில் கிடைத்த தண்ணீரை விட்டுவிடுகிறார்கள்.

உப்புப் பூத்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், அடுத்த காய்ச்சலில் மீண்டும் வெளியே வரும். காய்ந்த நார்ப் பிரஷால் தேய்த்து, விழும் தூளைத் தரையில் சிந்தவிடாமல் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சில நாள் விட்டு மறுபடி பூத்தால் மறுபடி தேய்க்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அப்போதைக்குப் பளிச்சென்று ஆகும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பூச்சின் சுண்ணாம்பைத் தின்று, ஏற்கெனவே உப்பிருக்கும் சுவரில் புதிய குளோரைடைச் சேர்க்கிறது. வெடிப்பின் ஓரமாகக் கல்போல் இறுகி, தண்ணீரில் கரையாமல் நிற்கும் வெள்ளைக் கோடு வேறு. சிமெண்டின் சுண்ணாம்புதான் கசிந்து வந்து அப்படிப் படிகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெடிப்பை அடைத்தால் போதும்.

மூலத்தை அடைப்பதே முதல் வேலை. கைப்பிடிச் சுவரின் தலையை உட்பக்கம் சரித்துப் பூச வேண்டும். அப்போது நீர் வெளிமுகத்தில் வழியாமல் மாடித் தளத்தில் விழும். சன்ஷேடின் சரிவைத் திருத்தி, காடி விட வேண்டும். குழாய்த் துளைகளைச் சுற்றிப் பழைய சாந்தை எடுத்துவிட்டு அடைக்க வேண்டும். அடித்தள ஓதத்துக்குச் சுவரை ஒட்டிக் கிடக்கும் மண்ணையும் பூந்தொட்டிகளையும் விலக்கி, முடிந்த இடத்தில் வெளித் தரையைத் தாழ்த்துவது முதல் படி. அதற்குப் பிறகே சாந்து இணைப்புகளில் வரிசையாகத் துளையிட்டு சிலேன், சிலாக்ஸேன் வகை மருந்துகளைச் செலுத்துவது பற்றி யோசிக்கலாம். சுவரைச் சுற்றி மண் குவிந்திருக்கும்போது அந்தச் செலவு பயன் தராது.

பிறகு காயவிட வேண்டும். பழைய எமல்ஷன் அடுக்கு இருந்தால் அதை முழுவதும் சுரண்டி எடுத்தால்தான் சுவர் காயும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பிரிட்டிஷ் கட்டுமானத் துறையின் பழைய தோராயக் கணக்கு. அதன்படி ஒன்பதங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். நம் கோடையில் அவ்வளவு ஆகாது; ஆனால் ஒரு வாரத்தில் முடிகிற காரியமும் இல்லை. மாசி முதல் வைகாசி வரை திறந்து கிடக்கும் சுவர் நன்றாகக் காயும். ஹாலோஜன் விளக்கு வைத்துச் சூடேற்றிக் காயவைப்பது மேல்தோலை மட்டும் உலர்த்தி உப்பை வேகமாக இழுத்து வரும். காய்ந்துவிட்டதா என்று அறிய 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, வெயில் நேரடியாகப் படாத நேரத்தில் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. மின் தடையை அளக்கும் ஈரமானிகள் உப்புச் சுவரில் பொய் சொல்லும். உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால் காய்ந்த சுவரையும் அவை ஈரம் என்று காட்டக்கூடும்.

காய்ந்த சுவரைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தால் பிடிப்பில்லாத பூச்சு வெற்றொலி தரும். அந்தப் பகுதியைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். விளிம்பு சதுரமாக, உறுதியான பூச்சு வரை போக வேண்டும். உப்பு ஏறிய பூச்சு உறுதியாகத் தெரிந்தாலும் திட்டைத் தாண்டி ஓரடி வரை எடுத்துவிடுவது நல்லது. ஏனெனில் உப்பு அந்தப் பூச்சுக்குள்தான் இருக்கிறது. அதை எடுப்பதே உப்பை வெளியேற்றும் நேரடி வழி. புதுக் கலவை பழையதைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. பழைய பூச்சில் சிமெண்டும் மணலும் ஒன்றுக்கு ஐந்து என்றால் ஒட்டும் அதே அளவில் இருக்கட்டும். சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கையில் ஒன்றுக்கு மூன்று போட்ட ஒட்டு, சுருங்கி ஓரங்களில் வெடித்து, புதிதாக நீர் நுழையும் வாசல்களைத் திறக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளில் சிமெண்ட் ஒட்டே போடாமல் சுண்ணாம்புக் காரையாலேயே திருத்துவது சரி. காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலும் பழைய சென்னையின் மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களிலும் சிமெண்ட் பூசி மூடிய சுவர்கள் உள்ளுக்குள் ஈரத்தைத் தேக்கி உளுத்துப் போகின்றன. இந்தத் தவறு பழுதுபார்ப்பு என்ற பெயரில் இன்னும் நடக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு, பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும். புதுச் சிமெண்டின் பி.எச். 12-ஐத் தாண்டி இருக்கும். அந்தக் காரம் எண்ணெய் பெயிண்டைச் சோப்பாக்கி நெகிழவைக்கும், எமல்ஷனின் நிறத்தை வெளுக்கவைக்கும். பாசி படர்ந்த இடத்தைச் சுத்தம் செய்யப் பிளீச்சிங் பவுடர் கரைசல் வேலை செய்யும். ஆனால் நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும். வேலை முடிந்தபின் அது விட்டுச்செல்லும் கால்சியம் குளோரைடு, சாதாரண உப்பைவிட வேகமாகக் காற்றின் ஈரத்தை இழுக்கும். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலந்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சுக்கு ஆபத்தாகும். அலசிய சுவர் மறுபடி காய வேண்டும் என்பதால் இந்தச் சுத்தம் காய்ச்சலுக்கு முன்பே முடிந்துவிடுவது நல்லது.

வெளிச்சுவருக்குப் பட்டி தேவையா என்பதை யோசித்தே முடிவு செய்ய வேண்டும். மணியாசுக் கட்டையால் தேய்த்த பூச்சின் சொரசொரப்பு வெளிப்புறத்துக்கு ஒரு குறையே இல்லை. ஈரம் வந்தால் முதலில் உப்பிக் கழன்று விழுவது பட்டிதான். அதோடு மேலே இருக்கும் பெயிண்டும் போகும். ஒட்டுப் போட்ட இடங்களைச் சமன்செய்ய மட்டும் வெள்ளைச் சிமெண்ட் பட்டியை மெல்லியதாக வைத்தால் போதும்.

பெயிண்டைத் தேர்ந்தெடுக்கும்போது மழையைத் தடுக்குமா என்பதோடு ஆவியை விடுமா என்றும் கேட்க வேண்டும். ரப்பர்போல நீளும் தடித்த நீர்புகா பெயிண்டுகள், உள்ளே ஈரமில்லாத, மேலிருந்து மட்டும் மழை வாங்கும், மயிரிழை வெடிப்புள்ள சுவருக்கு நல்லவை. அடித்தள ஓதம் ஏறும் சுவரில் அவற்றை அடிப்பது அந்தச் சுவருக்குச் செய்யும் தீங்கு. அங்கே சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ சிலிக்கோன் பிசின் வகையோ தகும். சிலிகேட் பெயிண்டும் உண்டு. 1878-இல் பவேரியாவில் ஆடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற இந்த வகை, பூச்சோடு வினைபுரிந்து அதன் பகுதியாகவே ஆகிவிடும். பழைய எமல்ஷன் மிச்சமிருக்கும் சுவரில் அது பிடிக்காது. ஓதத்தை முழுக்க நிறுத்த முடியாத பழைய வீட்டில், கீழ்ப்பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து ஆண்டுதோறும் புதுப்பிப்பது, விலை உயர்ந்த எதைவிடவும் நேர்மையான ஏற்பாடு.

அடிக்கும் காலம் வைகாசி, ஆனி. சென்னைப் பக்கம் மாலைகளில் இடிமழை வருவதால் மதியத்துக்குள் கோட்டை முடிப்பது பாதுகாப்பு. கொதிக்கும் சுவரில் அடித்தால் பெயிண்ட் படலமாவதற்கு முன்பே தண்ணீரை இழந்து தூளாகும். ஆகவே காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போக வேண்டும். வடக்குச் சுவரில் சித்திரை முதல் ஆவணி வரை காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழும். அது நன்றாகக் காய்வது அப்போதுதான், அடிக்க ஏற்ற நேரமும் அதற்குள்தான். ஒட்டுப் போட்ட இடங்களில் முதலில் தனியாகப் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு முழுச் சுவருக்கும் அடித்தால் உறிஞ்சுதல் சமமாகி, ஒட்டு நிறத்தில் தனித்துத் தெரியாது. அடித்து முடித்தபின் ஜன்னல் சட்ட ஓரங்களில் சீலண்ட் வைக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் மாடியின் நீர்வழித் துளைகளில் சேர்ந்த சருகை எடுத்துவிட வேண்டும். முதல் பெருமழைக்கு மறுநாள் பழைய திட்டு இருந்த இடங்களைப் பார்த்து, எங்காவது கறுத்திருந்தால் அதன் உயரத்தையும் தேதியையும் குறித்து வைக்க வேண்டும். அடுத்த கோடையில் எதை முதலில் திறந்து பார்ப்பது என்பதை அந்தக் குறிப்புத் தீர்மானிக்கும்.